மேல்தண்ணி

மரக்காணத்து உப்பளத்தில் நிழல் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது லைன்கரையில்தான். ஒரு காலத்தில் பாத்திகளிலிருந்து கால்வாய்த் துறைக்கு உப்பு மூட்டை இழுத்துப்போன டிராலி ரயிலுக்காகப் போட்ட மண்மேடு அது. ரயில் நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தண்டவாளத்தை யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் செத்துப்போனவர்கள் பெயராகவே இருக்கும். மிச்சம் கிடப்பது ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஜல்லியும் செம்மண்ணுமான ஒரு கரை. இத்தனை வருஷத்து மழையும் அதைக் கழுவிக் கழுவி உப்பை இறக்கிவிட்டது. அதனால் சுற்றிலும் புல் முளைக்காத வெள்ளை வெளியில், அந்தக் கரையின் வடக்குப் பாதியில் மட்டும் வேம்பும் பூவரசும் நுணாவும் நின்றன.

மலர்கொடி அந்த நிழலுக்குத்தான் முதலில் போனாள். இயற்கையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிற ஆள் இல்லை அவள். பத்தொன்பது வருஷமாகத் தேசப்பன் உப்பளத்தில் உப்பு வாருகிறவளுக்கு, மத்தியானம் கஞ்சித் தூக்கோடு உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் வந்து சீமைக்கருவேலத்தை வெட்டுவதும், கன்று நடுவதும், பாலிதீன் பொறுக்குவதுமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தேவநாதன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் மண்வெட்டி பிடித்த லட்சணத்தை மலர்கொடி மூன்று ஞாயிறு பொறுத்துக்கொண்டாள். நான்காவது ஞாயிறு எழுந்துபோய், "குடுங்க சார், மண்ணுக்கே வலிக்கப்போவுது" என்று பிடுங்கிக்கொண்டாள். அப்படித்தான் அவள் லைன்கரைக் குழுவில் சேர்ந்தது. நான்கு வருஷம் ஆகிறது.

குழுவுக்குத் தலைவி என்று யாரும் இல்லை. ஆனால் செந்தமிழ் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். முப்பது வயதுப் பெண். பெரிய முதலியார்சாவடியில் வீடு, ஆரோவில் நாற்றங்காலில் வேலை. வாரம் முழுக்கக் கன்று வளர்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் கன்றைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறி வருகிறவளை என்னவென்று சொல்வது? வனத்துறைக்கு நடையாய் நடந்து, கரையைப் பராமரிக்க எழுத்தில் அனுமதி வாங்கியது அவள்தான். போன கார்த்திகை மழையில் கரையின் மொட்டைத் தெற்குப் பாதியில் இருநூற்று நாற்பது கன்று நட்டார்கள். மலர்கொடி வேலை செய்கிற பாத்தி அந்தத் தெற்குப் பக்கம்தான். கன்று ஒவ்வொன்றும் நிமிர்ந்தால் தன் தலைக்கு எவ்வளவு நிழல் வரும் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர், கரைக்கு மேற்கே இருந்த குட்டையிலிருந்து. லைன் போட மண் எடுத்த பள்ளம் அது. கரையில் பெய்கிற மழை முழுக்க அதில் இறங்கும். உப்பளத்தில் இருக்கிற ஒரே நல்ல தண்ணீர். கௌதாரி குஞ்சுகளோடு வந்து குடித்துவிட்டுப் போகும். குட்டைக்கும், கிழக்கே தேசப்பனின் பெரிய பாத்திக்கும் நடுவே, கரைக்கு அடியில் ஒரு பழைய செங்கல் மதகு. மூன்று பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அதை அடைத்திருந்தார்கள். அன்றாடம் அங்கே இருப்பவள் என்பதால் பலகை மலர்கொடியின் பொறுப்பு. கண்டக்டர் அதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார், பழக்கதோஷம்.

சித்திரை முடிவதற்குள் குட்டை கணுக்கால் அளவுக்கு வற்றிவிட்டது. வற்ற வற்ற, பக்கத்துப் பாத்திகளிலிருந்து உப்பு கசிந்து ஏறியது. மலர்கொடி தினமும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். முதலில் லேசாகக் கரித்தது. பிறகு வாயில் வைக்க முடியவில்லை. கௌதாரிகள் வருவது நின்றது. கன்றுகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. வரப்பில் தண்ணீர் லாரி வராது. ஒரு கோடை மழை வந்தால்தான் உண்டு என்று எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை சனிக்கிழமை சாயங்காலம் வந்தது.

உப்பளத்துக்காரர்களுக்கு மழை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால்தான் மலர்கொடி அடுத்து செய்தது புரியும். பாத்தியில் நாள் கணக்காகக் காய்ந்து கெட்டியான உப்புத்தண்ணீர் இருக்கும். அதன் மேல் மழை விழுந்தால் உடனே கலக்காது. உப்புத்தண்ணீர் கனம், அடியிலேயே நிற்கும். மழைத்தண்ணீர் லேசு, மேலே ஆடை கட்டின மாதிரி மிதக்கும். அதற்குப் பெயர் மேல்தண்ணி. காற்று அடித்து இரண்டையும் கலக்குவதற்குள் ஓடிப்போய் மேல்பலகையைப் பிடுங்கி, மேல்தண்ணியை மட்டும் வாய்க்காலில் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாள் வெயில் வீண். மழை விழுந்தால் ஓடு, மேல்பலகையைப் பிடுங்கு. பத்தொன்பது வருஷமாக மலர்கொடியின் காலுக்கும் கைக்கும் மழை சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

அன்றும் ஓடினாள். கொட்டுகிற மழையில், கண் தெரியாமல், தேசப்பனின் பாத்திகள் பதினாலிலும் மேல்பலகையைப் பிடுங்கினாள். வடிந்து முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப அடைத்தாள். அப்புறம் லைன்கரை ஏறினாள். குட்டை நிரம்பி நின்றது. பார்த்தாள். கை போனது. மேல்பலகையைப் பிடுங்கி, அடுத்த பலகையையும் பிடுங்கி, இரண்டையும் கரையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு மழையும் தன்னை ஏமாற்றவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய் மிளகு ரசம் வைத்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் வந்தபோது, தேசப்பன் பெரிய பாத்தி வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். லைன்கரையை ஒட்டின பாத்தி அது. அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் டீ குடிக்கிறவரைக்கும் அது வெளியே தெரியாது.

"ஏம்மா மலரு! நேத்து மேல்தண்ணி வடிச்சியா இல்லியா?"

"எல்லாத்தியும் வடிச்சிட்டுதான் போனேன், மொதலாளி."

"அப்ப இது இன்னா? ஒரு சாண் நிக்குது! வானத்துலேர்ந்து எனக்குன்னு தனியா பேஞ்சுதா?"

மலர்கொடி பாத்தியைப் பார்த்தாள். வரப்பு விளிம்பு வரை தண்ணீர். குனிந்து மேல்தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. மழை நின்ற பிறகு இவ்வளவு நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தலையைத் திருப்பினாள். கரைக்கு மேலே, அவள் சாய்த்து வைத்த இடத்திலேயே, இரண்டு பலகைகளும் சாய்ந்திருந்தன.

கரை ஏறி மேற்கே பார்த்தாள். குட்டையில் அடிப்பலகை மட்டத்துக்கு, பழைய கரிப்புத் தண்ணீர் மட்டும் மங்கலாகக் கிடந்தது. ஒரு கோடைக்கு ஒரு மழை. அதைத் தன் கையாலேயே பிடுங்கி விட்டிருக்கிறாள். அழுகை வரவில்லை, தன் கையைப் பிடித்து நாலு அடி வைக்க வேண்டும் போல இருந்தது.

முதல் பஸ்ஸில் வந்தவர்கள் வரப்பு மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். செந்தமிழ் முன்னால். நல்ல மழை பெய்த சந்தோஷத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தவள், குட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கையிலிருந்த பை நழுவியது.

"யாருக்கா இத செஞ்சது? வேணும்னே செஞ்சிருக்கானுங்க. பலகைய கழட்டி அழகா சாய்ச்சி வச்சிட்டுப் போயிருக்கானுங்க பாருங்க!"

"போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்" என்றார் தேவநாதன், நோட்டை எடுத்தபடி. "எந்தப் பயலோ..."

சும்மா இருந்திருந்தால் போதும். யாருமே மலர்கொடியைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, ஒரு மூச்சு நேரம் நின்றது. அந்த இருநூற்று நாற்பது கன்றுகளையும் அவள் பார்த்தாள்.

"எந்தப் பயலும் இல்ல. நான்தான்" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் சொன்னாள், ஓடினது, பிடுங்கினது, ரசம் வைத்துச் சாப்பிட்டது வரைக்கும். செந்தமிழ் கீழே விழுந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று மலர்கொடிக்கு இருந்தது.

"சரி, போவட்டும் விடுக்கா" என்று கடைசியில் செந்தமிழ் சொன்னாள். "அடுத்த மழைக்குப் பாக்கலாம்."

"அடுத்த மழைக்கு எது இருக்கும்? இப்ப வாடியிருக்கற கன்னு அடுத்த வாரம் சுள்ளி. போவட்டும்னு நான் விட மாட்டேன்." மலர்கொடி புடவையை இழுத்துச் செருகினாள். "தண்ணி எங்கியும் போவல. தோ, கீழதான் மெதக்குது. காத்து வர்றதுக்குள்ள தூக்கி மேல ஊத்திடலாம்."

கீழே தேசப்பன் பெரிய பாத்தியின் மூலையில் குனிந்து, வாய்க்காலுக்குத் திறக்கிற பலகையில் கை வைத்துவிட்டார். மலர்கொடி கரையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினாள்.

"மொதலாளி! தொறக்காதீங்க!"

"தொறக்காம? பன்னெண்டு நாளா காய வச்ச தண்ணி அடியில இருக்குது. காத்து அடிச்சா எல்லாம் கலந்து நாசமாப் போவும்."

"காத்து வர்றதுக்குள்ள மேல்தண்ணி மொத்தத்தியும் நான் எடுத்துடுறேன். ஒரு சொட்டு உப்பு எடுக்க மாட்டேன். எத்தினி வருசம் உங்களுக்கு வடிச்சிருக்கேன், ஒரு நாளு அடித்தண்ணி போயிருக்குதா?"

தேசப்பன் நிமிர்ந்தார். பதினாலு பாத்தியிலும் அப்படி ஒரு நாள் நடந்ததில்லை. அவருக்கே தெரியும்.

"நேத்து போச்சே?"

"அது உங்களுது இல்ல. எங்களுது."

அவர் வரப்பில் நட்டிருந்த குச்சியைக் காட்டினார். உச்சியில் காற்று பார்க்க ஒரு சாக்குத் துண்டு கட்டியிருந்தது. அது அசையாமல் தொங்கியது. "அது ஆடுச்சுன்னா நான் பலகைய மொத்தமா பிடுங்கிடுவேன். அப்ப என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன். உப்பு மூடற தார்ப்பாய் ஒண்ணு வேணும்."

"ஏன், என் வேட்டி வேணாமா?" என்றார். ஆனால் கொட்டகையைத் திறந்து விட்டார்.

தேவநாதன் இன்ஜின் வைத்து இறைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். இன்ஜின் குழாய் அடியில் வாய் வைத்து உறிஞ்சும், உப்பையும் சேர்த்துக் கலக்கி இழுக்கும் என்று மலர்கொடி ஒரே வாக்கியத்தில் அதை முடித்தாள். அவள் வழி வேறு. மூலைப் பலகைக்கு வெளியே, வாய்க்காலில் பத்தடி நீளத்துக்குத் தார்ப்பாயை விரித்தார்கள். அதன் அந்தப் பக்கம் களிமண்ணை மிதித்து மிதித்து அணை கட்டினார்கள். இப்போது பலகைக்கு வெளியே ஒரு தொட்டி. மலர்கொடி முழங்காலிட்டு மேல்பலகையை ஒரு விரல் அளவுக்குத் தாழ்த்தினாள். கண்ணாடித் தகடு மாதிரி தண்ணீர் வழிந்து தார்ப்பாயில் இறங்கியது. தொட்டு நாக்கில் வைத்தாள். தித்திப்பு.

"அள்ளுங்க!"

மேலே செந்தமிழ் மதகுப் பலகைகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, குட்டைத் தண்ணீரை ஓடைக்கு வெளியேற்றுகிற அடிக்குழாயில் திணித்திருந்த சாக்கைப் பிடுங்கி, பழைய கரிப்பு வடிந்ததும் மறுபடி அடைத்தாள். கீழே எட்டுப் பேர், மூன்று குடம், இரண்டு பக்கெட், ஒரு பெயிண்ட் டப்பா. கரை எட்டடி உயரம். மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஊற்றிவிட்டு வர வேண்டும். அரை மணி நேரத்தில் கண்டக்டர் நாக்கு தள்ளி உட்கார்ந்துவிட்டார். தார்ப்பாய் நிரம்பி வழிந்தது. மலர்கொடி பலகையை மூடினாள், தொட்டி காலியாகட்டும் என்று காத்திருந்தாள், மறுபடி திறந்தாள். இந்த வேகத்தில் போனால் சாயங்காலம் ஆகும். சாக்குத் துண்டு இன்னும் அசையவில்லை. வெயில் ஏற ஏற அது அசையப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

எட்டு மணிக்கு உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள். மழை பெய்த மறுநாள் வாரல் கிடையாது, பாத்தி என்ன ஆனது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். முன்னால் வந்த அஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். மலர்கொடியோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், வாய் மட்டும் பத்து வருஷம் மூத்தது.

"இன்னாடி இது, ஞாயித்துக்கெழம சீன்? மேல்தண்ணிய வடிப்பாங்க, பாத்திருக்கேன். தூக்கினு போயி பத்திரப்படுத்தறத இப்பதான் பாக்கறேன்."

"அஞ்சம்மா, பேசறதுக்கு நேரம் இல்ல."

"கொட்டுனவ நீயாமே? கண்டக்டர் சொல்றாரு."

"ஆமா, நான்தான் கொட்டுனேன்." மலர்கொடி பலகையிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள். "மத்தியானம் கஞ்சி குடிக்க எங்கடி போவ? வடக்கால ஒரு கிலோமீட்டர் நடந்து போயி, குடிச்சிட்டு, ஒரு கிலோமீட்டர் திரும்பி வர. பாதி நேரம் நடையிலயே போவுது. தோ, இந்த எடத்துல மரம் வரப்போவுது. நம்ம பாத்திக்கு நேரா. நான் ஒருத்தி முட்டாத்தனமா கைய நீட்டுனதுக்கு அது சாவணுமா? என்ன எவ்ளோ வேணா திட்டு. ஆனா குடத்த தூக்கினு திட்டு."

அஞ்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு திரும்பி, வரப்பில் நின்ற பெண்களைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், வரிசையா நில்லுங்கடி! இவங்க தூக்கினு ஓடறத பாத்தா எனக்கு மூச்சு வாங்குது!"

உப்பு ஏற்றுகிறவர்கள் நடக்க மாட்டார்கள், நிற்பார்கள். உப்புக்கூடை கை மாறிக் கை மாறிப் போகும். அந்த வரிசை கரையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. நிறை குடம் மேலே போக, காலிக் குடம் கீழே உருண்டு வந்தது. யார் யாரோ வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேசின், தேக்சா, குழந்தை குளிக்கிற டப் எல்லாம் வந்து சேர்ந்தன. கண்டக்டர் எழுந்து வரிசையில் நின்றார். ஒவ்வொரு குடத்துக்கும் "போலாம் ரைட்" என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு எல்லாரும் அந்தக் குரலுக்கே கை நீட்டினார்கள்.

மலர்கொடி இடத்தை விட்டு எழவில்லை. ஒரு விரல், இன்னொரு விரல் என்று பலகையைத் தாழ்த்தினாள். ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்தாள். கை தவறினால் அடியில் இருக்கிற உப்பு கிளம்பிவிடும், குட்டைக்கே போய்ச் சேரும். முட்டி மரத்துப்போயிற்று. நேற்று ஏமாற்றிய அதே கை இன்று ஒரு மயிரிழை பிசகவில்லை. அதில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, இவ்வளவு தெரிந்த கைக்கு அது தெரியாமல் போயிற்றே என்று.

பத்தரை மணிக்குச் சாக்குத் துண்டு ஆடியது.

முதலில் ஓரம் மட்டும். தேசப்பன் பார்த்தார். மலர்கொடியும் பார்த்தாள். பாத்தியில் இன்னும் மூன்று விரல் ஆழத்துக்கு மேல்தண்ணி நின்றது. அவர் எழுந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவர் முகத்தில் இருந்தது. அதற்கு எதிராகப் பேச அவளுக்கு நியாயம் இல்லை.

"இந்தத் தொட்டி நெறையட்டும், மொதலாளி. கடைசி."

அவர் கிழக்கே பார்த்தார். பாத்தியின் மேல் மெல்லிய சுருக்கம் ஓடி வந்தது. "சீக்கிரம்."

அவள் ஒரேயடியாக ஒரு விரல் தாழ்த்தினாள். தார்ப்பாய் திமிறி நிரம்பியது. நாக்கில் வைத்தாள், நல்ல தண்ணீர். இன்னும் கொஞ்சம் விட்டாள். மறுபடி நாக்கில் வைத்தாள். மிக மிக லேசாக, நாக்கின் நுனியில், கரித்தது. பலகையை அறைந்து மூடினாள்.

"அவ்ளோதான்! உப்பு ஏறிடுச்சு! தார்ப்பாயில இருக்கறத மட்டும் அள்ளுங்க!"

அள்ளினார்கள். அஞ்சம்மாள் தார்ப்பாயின் மூலைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, அடியில் கிடந்த கடைசி இரண்டு குடத்தையும் வழித்தாள். பிறகு தார்ப்பாயை உருவினார்கள், களிமண் அணையை உடைத்தார்கள். தேசப்பன் பலகையைப் பிடுங்கினார். மீதி மேல்தண்ணி வாய்க்காலில் இறங்கிக் கடல் பக்கம் ஓடியது. அதைப் பார்க்க மலர்கொடிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் நின்று, முழுக்கப் பார்த்தாள்.

குட்டையில் முழங்காலுக்கு ஒரு சாண் குறைவாகத் தண்ணீர் நின்றது. கரை காற்றை மறைத்ததால் அது ஆடாமல் கிடந்தது. செந்தமிழ் குனிந்து ஒரு வாய் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, கன்றுகளை எண்ணுகிற மாதிரி கரை நெடுக ஒரு முறை பார்த்தாள்.

"அளந்து ஊத்துனா நாலு வாரம் வரும்க்கா."

"அளந்துதான் ஊத்துவேன்."

செந்தமிழ் மதகுப் பலகைகளை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பையிலிருந்து சுத்தியலும் இரண்டு பெரிய ஆணியும் எடுத்தாள். "கோச்சிக்காதக்கா. ஆணி அடிச்சிடலாம். யாரு கையும் போவாது."

மலர்கொடிக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்றும் தெரிந்தது. "வேணாம்" என்றாள். "கார்த்திக மழைக்குத் தொறக்க வேண்டி வரும், அப்ப பலகை ஒடையும். அது இல்லன்னாலும் வேணாம். ஆணிய நம்பி நான் இங்க வேல செய்ய மாட்டேன். என் கைக்கு நான் சொல்லிக்கறேன்."

செந்தமிழ் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆணிகளை மட்டும் மதகின் மேல் விட்டுவிட்டுப் போனாள்.

நாலு வாரம் மலர்கொடி அளந்து ஊற்றினாள். விடியலில் பாதி, சாயங்காலம் பாதி. பத்தொன்பது கன்று போயிற்று. அந்த எண்ணிக்கையை அவள் யாரிடமும் குறைத்துச் சொல்லவில்லை. மற்றவை துளிர்த்தன. குட்டை மறுபடி சேறு காட்டத் தொடங்கிய வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தெற்கே வானம் கறுத்தது.

முதல் சொட்டு முதுகில் விழுந்ததும் கால் ஓடியது. பதினாலு பாத்தி, பதினாலு பலகை. அஞ்சம்மாள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். கடைசிப் பலகையை அடைத்ததும் அவள் கால் தானாகவே லைன்கரை ஏறியது. மழை கண்ணை மறைத்தது. மேட்டின் தண்ணீர் செம்மண் நிறத்தில் குட்டைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மேல்பலகை வரை ஏறிவிட்டது. மலர்கொடி குனிந்தாள். கை போய்ப் பலகையின் விளிம்பைப் பிடித்தது. விரல்கள் இறுகின.

அப்படியே நின்றாள். இழு என்று பத்தொன்பது வருஷம் சொன்னது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பிறகு அவள் மதகின் மேல் ஏறி, அந்தப் பலகையின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையையும் மடக்கித் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கீழே தேசப்பன் குடைக்குள்ளிருந்து, "ஏம்மா, பைத்தியமா புடிச்சிருக்குது? கொட்டகைக்கு வாம்மா!" என்று கத்தினார்.

"மழ நிக்கட்டும், வர்றேன்!" என்று அவள் திருப்பிக் கத்தினாள். தண்ணீர் ஏறி ஏறி, அவள் உட்கார்ந்திருந்த புடவையை நனைத்தது.